பொட்டு வைத்த கீபோர்டு

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மைக்செட்டு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், நாய்கூட முன்னால் நடந்து வந்து காட்டிவிடும்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் வைத்து ஆரம்பித்த தொழில் இது. அதற்கு முன்னால் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார், நீ வராமல் இருந்தால் மற்ற பிள்ளைகளாவது படிப்பார்கள் என்றார். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று அன்றோடு நின்றுவிட்டேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் தெரியும். இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஆன், ஆஃப் இரண்டும்தான். அதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஷாக் அடித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் மைக்செட்டு கட்டுவேன். ஆனால் எனக்கு வருசம் என்பது எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாதான். மே மாதத்தில் கொடி ஏறினால் தேர்ப் பவனி முடிகிறவரை ஊர் என்னைத்தான் தேடும். கோயிலுக்குள் பாட்டுப் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், வாசகம் வாசிக்கிறவர்கள் ஒரு பக்கம். படிக்காத எனக்கு அங்கே என்ன வேலை? ஒயர்தான் என் வேலை. ஒயர் இல்லாமல் திருவிழாவில் நின்றால் என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது.

அந்த வேலைக்கு ஒரு வருசம் ஆபத்து வந்தது. அந்த வருசப் பவனியில் சிடி ப்ளேயர் வைத்திருந்தேன். தேருக்கு முன்னால் டிராக்டர் பெட்டியில் நான், என் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். டிராக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் சிடி மாட்டிக்கொண்டது. ஒரே பாட்டில் ஒரே வரி, தெரு முனை வரைக்கும். கிழவிகள் அதையும் பக்தியாகத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு வந்தார்கள். இளைஞர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞர்களுக்குத் தலைவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி.

அடுத்த திருவிழாவுக்குக் கூட்டம் போட்டபோது மச்சான் எழுந்து, பாண்டிச்சேரியிலிருந்து டி.ஜே. செட்டு கொண்டுவரலாம் என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பங்குச் சாமியார் நல்ல மனுசர். இந்த ஒரு வருசம் இவரே செய்யட்டும், பவனியில் பாட்டு எங்கேயாவது தடுமாறினால் அடுத்த வருசத்திலிருந்து டி.ஜே. என்று முடித்துவைத்தார். கூட்டம் கலையும்போது மச்சான் என் தோளில் கை போட்டான்.

"மாமா, அடுத்த வருசம் நீ ஜாலியா மெழுகுவத்தி புட்ச்சிக்கினு நட. எத்தினி வருசந்தான் டிராக்டர்லயே குந்திக்கினு வருவ?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தட்டு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் சகலை வழியாக லேப்டாப் வந்தது. அவர் வானூர்ப் பக்கம் கொத்தனார் வேலை செய்கிறவர். அவர் வீடு கட்டிக் கொடுத்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப். சகலை அதை ஒரு மாதம் பரண்மேல் வைத்திருந்து, பிறகு எனக்குக் கொடுத்தார். அம்மிக்கல் கனம். விழுப்புரத்தில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இது பிரெஞ்சு லேப்டாப், இதில் எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கும், உங்களுக்குக் கஷ்டம் என்றார். எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

கோயில் பாட்டுகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டுக் கொடுத்தார். கொடியேற்றத்துக்கு ஒன்று, பவனிக்கு இரண்டாம் நம்பரிலிருந்து வரிசையாக, அதற்கப்புறம் ஒன்பது நாள் நவநாள் ஜெபத்துக்கு. நடுவில் இருக்கும் சதுரத்தில் விரலைத் தேய்த்தால் அம்பு நகரும் என்றார். நானும் தேய்த்தேன். சால்டரிங் வைத்துச் சுட்டுச் சுட்டு என் விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. லேப்டாப் அதை மனுச விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் தேய்த்தால் ஓடுகிற அம்பு, நான் தேய்த்தால் நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் ஒரு மவுஸ் வாங்கினேன். முழுக் கையால் பிடிக்கிற சாமான் என்றால் எனக்குப் பயமில்லை.

மீதி வேலையை மனைவி முடித்துவைத்தாள். பாட்டை ஓடவிட, நிறுத்த, சத்தம் ஏற்ற, இறக்க, அடுத்த பாட்டுக்குப் போக, இவ்வளவுதான் எனக்கு வேண்டும். விழுப்புரத்துக் கடைக்காரர் காட்டிய பட்டன்கள்மேல் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். ஓடவிடப் பச்சை. நிறுத்தச் சிவப்பு. சத்தத்துக்கு மஞ்சள் பெரிசு, மஞ்சள் சின்னது. அடுத்த பாட்டுக்கு நீலம்.

"பொட்டு இல்லாத எடத்துல கை வெச்சா கைய ஒட்ச்சிடுவேன், இன்னா?" என்றாள்.

ஒரு வாரம் வீட்டில் பழகினேன். நன்றாகவே வந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் அடுத்த காரியத்தைச் செய்தோம்.

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொட மாட்டோம். வீடு, கிணறு, மோட்டார், பைக் எல்லாவற்றையும் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தால், சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். வேன், டிராக்டர் என்றால் பானட்டைத் திறந்து வைப்போம். தகரத்தின்மேல் தெளித்து என்ன பிரயோசனம்? ஓடுவது இன்ஜின் அல்லவா?

அதே ஞாயத்தைத்தான் லேப்டாப்புக்கும் வைத்தோம். ஒரு நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் லேப்டாப்பை நன்றாகத் திறந்து வைத்தோம். பக்கத்தில் ஒரு புது பைக் இருந்தது. சாமியார் பைக்குக்குக் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு எங்களிடம் வந்தார். இது திருவிழாவுக்குப் பாடப்போகிற பொருள் என்பதால் அவருக்கும் ஆசை. என் மனைவி கைகூப்பி நின்றாள்.

"நல்லா தெளிங்க சாமி. போன வருசம் மாதிரி ஆவக் கூடாது."

சாமியார் தெளிப்பானைச் செம்பில் நன்றாக முக்கி எடுத்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அதற்கு முழு ஊரும் "ஆமென்" சொன்னது. லேப்டாப்பும் என்னவோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். திரை வந்தது. மவுஸ் ஓடியது. பாட்டு ஆரம்பித்து, நான் எதையும் தொடாமலேயே அடுத்த பாட்டுக்குத் தாவியது. அங்கிருந்து அடுத்தது. அரை மணியில் ஒன்பது நாள் நவநாளையும் முடித்துவிட்டது. சிவப்புப் பொட்டை அழுத்தினேன், ஒன்றுமில்லை. பச்சையை அழுத்தினேன், ஒன்றுமில்லை. மனைவி ஹேர் டிரையர் இருக்கிறதா என்று அக்கம்பக்கம் கேட்கப் போகிறேன் என்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எதற்கு என்று கேட்பார்களே, என்ன சொல்வது?

அதுதான் எங்களுக்கு வந்த பேஜாரு. லேப்டாப் கெட்டுப்போனது என்றால் எப்போது என்பார்கள். மந்திரித்த அன்றைக்கு என்றால், தீர்த்தம் பட்டா கெட்டுப்போகும், இவன் வீட்டில் என்ன குறையோ என்பார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் சாமியாரைப் போய்க் கேட்பார்கள். எனக்காக ஒரு வருசம் வாங்கிக் கொடுத்த மனுசர், தன் கையாலேயே அதைக் கெடுத்தோம் என்று நினைத்து வருத்தப்படுவார். டி.ஜே. வந்தாலும் பரவாயில்லை, அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று இருவருக்கும் தோன்றியது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். கல்யாணம் ஆகி நாங்கள் சண்டையில்லாமல் எடுத்த முதல் முடிவு அது.

திங்கட்கிழமை திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் பாய் கடைக்குப் போனேன். பாய் திருப்பணி மாதிரிப் பொறுமையாகக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா ஊத்துனீங்க? டீயா, கூல்ட்ரிங்ஸா?"

"தண்ணி பாய்."

"தண்ணின்னா, எப்டி?"

"தெளிச்சது."

"லேப்டாப்புக்கு யாருங்க தண்ணி தெளிக்கிறது? வாசலா இது?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தார்.

"தொறந்தா வெச்சீங்க?"

"பானட்ட தொறக்குற மாதிரி..."

அப்போதுதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டி டீ சொன்னார். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, பட்டன் பலகை மட்டும் போய்விட்டது, இந்த மாடலுக்கு வேறு கிடைக்காது என்றார். உள்ளே அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். இனி தானாகத் தாவாது. ஆனால் அந்தப் பட்டன் ஒன்றும் வேலை செய்யாது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு கறுப்புக் கீபோர்டை எடுத்து, ஒயரைப் பக்கத்து ஓட்டையில் செருகினார். வெளியே இருந்து தட்டினால் உள்ளே வேலை நடந்தது. எனக்கு அது புரிந்த விசயம்தான். மைக்கும் அப்படித்தானே, வாய் ஒரு இடம், சத்தம் ஒரு இடம்.

கிளம்பும்போது பாய், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போங்க. ஆனா என் சம்சாரத்துகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன். சிரிச்சி ரொம்ப நாளாவுது அது" என்றார்.

வீட்டில் மனைவி பழைய பட்டன்களிலிருந்து பொட்டுகளைப் பிய்த்துப் புதுக் கீபோர்டில் ஒட்டினாள். பழைய பட்டன் பலகைமேல் எம்பிராய்டரி போட்ட ஒரு துணியை விரித்து, அதன்மேல் புதுக் கீபோர்டை வைத்தோம். பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குச் சால்வை போர்த்தின மாதிரி.

கொடியேற்றத்தன்று மச்சான் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மாமா, அதுலயே ஒரு கீபோர்டு கீதே. அதுக்கு மேல இன்னொண்ணா? சட்ட மேல சட்ட போட்டுக்கினு வந்தா மாதிரி கீது."

"பெரிய பெரிய ஸ்டுடியோல எல்லாம் இப்டித்தான் மச்சான். உள்ள இருக்குறது வூட்டுக்கு. இது வெளிய போறதுக்கு."

"அப்ப அந்தத் துணி?"

"குளிரக் கூடாது அதுக்கு."

மே மாத வெயிலில் இதைச் சொன்னேன். அவன் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். கொடி ஏறியது, ஒன்றாம் நம்பர் பாட்டு தடுமாறாமல் ஓடியது. நவநாளும் நல்லபடியாகப் போனது. கீபோர்டு தனியாக இருந்ததால் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உயரமாக வைத்துவிட்டு, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தீர்த்தம் கெடுத்ததா, நல்லது செய்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பவனியன்று பிரச்சினை மவுஸில் ஆரம்பித்தது. திருவிழாவுக்கென்று எடுத்த பளபள வேட்டி கட்டியிருந்தேன். தொடைமேல் மவுஸை வைத்து நகர்த்தினால் அம்பு நகரவே இல்லை. அந்தப் பளபளப்பு அதற்குப் பிடிக்கவில்லை. கட்டம் போட்ட லுங்கிமேல் வைத்தால் குதிரை மாதிரி ஓடும், வீட்டில் பார்த்திருக்கிறேன். மாதா பவனிக்கு லுங்கியோடு வந்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும் என்று மனைவி சொல்லிவிட்டாள். கடைசியில் லுங்கியை நாலாக மடித்து வேட்டிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீபோர்டை ஒரு பலகையில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஜெனரேட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்ததும் தேர் கிளம்பியது. இரண்டு, மூன்று, நான்கு என்று பாட்டுகள் வரிசையாக ஓடின. போன வருசப் பள்ளம் வந்தது. டிராக்டர் இறங்கி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. கண்ணைத் திறந்தால், ஓரத்தில் நடந்துவந்த மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தான்.

தெருவெல்லாம் சுற்றிக் கோயில் மைதானத்துக்கு வந்தோம். அங்கே தேர் நின்றதும் பாட்டும் நிற்க வேண்டும். சாமியார் மேடையேறிக் கையை உயர்த்துவார். அந்த நேரத்தில் ஊரே மூச்சு விடாது. அந்த ஆசீர்வாதத்தோடுதான் பவனி முடிந்ததாகக் கணக்கு. தேர் நின்றது. நான் சிவப்புப் பொட்டை அழுத்தக் கையைக் கொண்டுபோனேன்.

சிவப்புப் பொட்டைக் காணோம்.

பச்சை இருந்தது. மஞ்சள் இரண்டும் இருந்தன. நீலம் இருந்தது. சிவப்பு இருந்த இடம் எது என்று தெரியவில்லை. பொட்டு இல்லாத எல்லாப் பட்டனும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. மவுஸால் நிறுத்தலாம் என்று தேடினால், அது டிராக்டர் பெட்டிக்கு வெளியே ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. சாமியார் மேடையேறிவிட்டார். குழாய் ஸ்பீக்கரில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தலாம் என்றால் சாமியாரின் மைக்கும் அதில்தான். சத்தத்தைக் குறைக்கும் பொட்டு இருந்ததே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது, மறுநாள் காலையில்.

சாமியார் கையை உயர்த்தினார். கூட்டம் மண்டி போட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தப்புச் செய்துவிட்டால் அதை மூடிவைப்பதுதான் மனுசப் பழக்கம். இரண்டு கையாலும் லேப்டாப்பை அப்படியே மூடினேன்.

பாட்டு நின்றது. டப் என்றுகூடச் சத்தமில்லை. பட்டனை அழுத்தி நிறுத்தினால் பாட்டு பாதி வார்த்தையில் வெட்டுப்படும். அன்று ஏதோ நானே கணக்குப் பார்த்து நிறுத்தின மாதிரி, வரி முடிந்த இடத்தில் நின்றது. அந்த அமைதியில் சாமியாரின் குரல் தனியாகக் கேட்டது. தூரத்தில் பெரிய ரோட்டில் போகிற லாரி கேட்டது.

ஆசீர்வாதம் முடிந்தது. பட்டாசு வெடித்தது. மறுபடி திறந்தேன். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடியது.

சாமியார் டிராக்டர் பக்கம் வந்தார். இத்தனை வருசத்தில் ஆசீர்வாதத்துக்கு இப்படி ஒரு அமைதி கிடைத்ததே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை.

மச்சான் மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். பெட்டிமேல் ஏறி என் காதருகே குனிந்தான்.

"பாட்ட நிறுத்தத் தெரியாம பொட்டிய மூட்ன. பாத்தேன் மாமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் தொங்கிக்கொண்டிருந்த மவுஸை ஒயரோடு இழுத்து, என் மடியில் வைத்தான்.

"அடுத்த வருசம் இத்தக் கட்டிப் போடு. தொங்குனா பாக்க அசிங்கமா கீது."

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியே காட்டினால் அவன் ஆயுசுக்கும் விட மாட்டான் என்பதால் ஜெனரேட்டர் புகை என்றேன்.

வருசக் கூட்டத்தில் அவனே எழுந்து சொன்னான், பவனிக்கு மாமா இருக்கட்டும், மறுநாள் ஆட்டத்துக்கு மட்டும் நாங்கள் டி.ஜே. கூட்டிக்கொள்கிறோம் என்று. அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"பவனி முழுக்க இப்டியேவா வந்த?"

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி நடுவில் சிவப்புப் பொட்டு, அளவெடுத்து வைத்த மாதிரி. வேர்வை பிசுபிசுப்பில் விரலோடு வந்து, நெற்றியைத் துடைத்தபோது ஒட்டியிருக்கிறது. என் புருசலட்சணம் இதுவரைக்கும் அவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. மனைவி அதைப் பிய்த்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டு, கீபோர்டுக்குப் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டினாள். அதன்மேல் செல்லோடேப்பும் போட்டாள்.

அந்த லேப்டாப் இன்னும் சில வருசம் உழைத்துவிட்டு ஒருநாள் எழுந்திருக்கவில்லை. விழுப்புரத்திலேயே இன்னொன்று வாங்கினோம். இதில் பட்டனெல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பழைய கறுப்புக் கீபோர்டைத்தான் மாட்டினேன். என் கைக்குத் தெரிந்த பொட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வாங்கின அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்தோம். பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். வந்திருந்தவர் இளவயசு, சுறுசுறுப்பானவர். செம்பும் கையுமாக வந்து லேப்டாப்பைப் பார்த்தார்.

"மூடியிருக்கே, திறங்க. உள்ளேயும் தெளிச்சுடலாம்."

நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் அதன் மூடிமேல் கையை வைத்து அழுத்தினோம்.

"மேலாக்கப் பட்டா போதும் சாமி" என்றாள் அவள். "உள்ள தானா எறங்கிடும்."